பின்கண்ணாடி வைப்பரும் திருச்சுழி மேகமும்

அருப்புக்கோட்டையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த வாகனங்களுள் பின்கண்ணாடிக்கும் வைப்பர் உடையது தனுஷ்கோடியின் வேன் ஒன்றுதான். அதை அவர் ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. இருந்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன் ஜப்பானில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தது. அங்கே நெடுங்காலம் கடை நடத்திய அவருடைய மைத்துனர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளூர்ச் சாலைகளில் அதன் அடிவயிறு உரசும் ஓசையைப் பொறுக்க மாட்டாமல், சில மாதங்களிலேயே அதைத் தங்கையின் கணவரிடம் தள்ளிவிட்டார். சிங்கப்பூரில் பிற்பகல்தோறும் மழை கொட்டும் என்றும், அங்கே பின்கண்ணாடி வைப்பர் இல்லாத வேன் கண்ணில்லாத வேன் என்றும் அவர் விளக்கியிருந்தார். அருப்புக்கோட்டைக்கு வந்தபின் அந்த வைப்பரின் நிலை, கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைக் கரிசல் காட்டுக்கு மாற்றியதைப் போல ஆயிற்று. வேலை போயிற்று, பதவி மட்டும் எஞ்சியது.

அந்தப் பதவியின் கௌரவத்தைத் தனுஷ்கோடி குறைய விடவில்லை. பஜாரில் விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் அவருடைய கடைக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும், காபிக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே அவர்களை வேனின் பின்பக்கம் அழைத்துச் செல்வார். டிரைவர் ஸ்டீபன் ஒரு செம்புத் தண்ணீரைப் பின்கண்ணாடியில் வீசுவான். உடனே முன்னிருக்கைக்கு ஓடிச் சுவிட்சைத் தட்டுவான். வைப்பர் சற்றே தயங்கி, எழுந்து, அரைவட்டம் போட்டுத் தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். “பாத்தீகளா?” என்பார் தனுஷ்கோடி. வந்தவர் பார்த்ததாக வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் வரையில் அடுத்தடுத்த செம்புகள் வந்துகொண்டிருக்கும்.

பொறுமை மிகுந்த ஊராகையால் இதை எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் மழை தொடர்ந்து பொய்த்தது. ஐப்பசிகள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக வறண்டு கழிந்தன. கரிசல், கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கண்மாய்களுக்குள் சீமைக்கருவேலம் குடியேறிவிட்டது; பட்டா ஒன்றுதான் வாங்கவில்லை. விதைக்கடையில் விதை மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்து எலிகளுக்குப் பயன்பட்டன.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தனுஷ்கோடி அதை விரும்பினார் என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். சங்கக் கட்டடத்து மாடியில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்த சுவரில், கடைசிப் படத்துக்கு அடுத்து ஓர் ஆணி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டங்களில் அவர் பிறர் பேச்சைக் கேட்ட நேரத்தைவிட அந்த ஆணியைப் பார்த்திருந்த நேரமே அதிகம். எதிர்த்து நின்றவர் ஜவுளிக்கடை ஆனந்தகுமார். திருச்சுழிப் பக்கம் பரம்பரை நிலமும், யாருக்கும் நோகாமல் குத்தும் நாக்கும் உடையவர்.

தனுஷ்கோடியின் பலம் அறிவியல். நாளிதழில் வானிலைப் பகுதியை வரிவிடாமல் படிக்கும் வியாபாரி ஊரில் அவர் ஒருவர்தான். முந்தைய ஆண்டு, மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுப்பதற்குச் சங்கத்திடம் உதவி கேட்டு வந்தவர்களை அவர்தான் எழுந்து நின்று மறுத்தார். “வைக்கோல் பொம்மைய இழுத்தா மழை வாராது, காத்தழுத்தம் தாழ்ந்தாத்தான் வரும்” என்று அவர் சொன்னதைக் கேட்டு, வந்தவர்கள் அந்தக் காற்றழுத்தம் எந்த ஊர்க்காரர் என்று வாசலில் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வினை, பெத்தம்மாள் உருவத்தில் வந்தது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மானாவாரியாகப் பருத்தி போடுகிறவள், நாற்பது வயதுக்காரி, ஆண்டுதோறும் விதையை இந்தக் கடையிலேயே வாங்குகிறவள். அவள் வந்த நேரம், உரக் கம்பெனி அதிகாரி ஒருவருக்கு மூன்றாவது செம்பு வீசப்பட்டுக்கொண்டிருந்தது.

“என்ன மொதலாளி நடக்கு இங்க?” என்றாள்.

“இதுதான் பெத்தம்மா வைப்பரு. மழை பேஞ்சா பின்னாடிக் கண்ணாடிய அதுவே தொடச்சுக்கிடும்.”

“மழைதான் பேயலையே.”

“பேஞ்சான்னு சொல்றேன்.”

“பேயாத மழைய இப்பவே தொடச்சுப் பழகுதாக்கும்?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காதவரைப் போல நின்றார். பெத்தம்மாள் சிரிக்கவில்லை.

“எங்கூர்ல ஒரு கொடம் தண்ணிக்கு ஓடைக்குள்ள ஊத்துத் தோண்டிக்கிட்டு ஒக்காந்துருக்கோம். இவுக செம்பு செம்பா ஊத்தி, அதையும் அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிவிடுறாக. மேல இருக்கவன் பாக்கமாட்டானா? இந்தூருக்காரனுக்குத் தண்ணின்னா தொடச்சு எறியுற அழுக்கு போலருக்குன்னு நெனைச்சிருப்பான். அதான் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டேங்கான்.”

தனுஷ்கோடி காற்றழுத்தத் தாழ்வு நிலையைப் பற்றி விரிவாக விளக்கினார். கண்ணாடி துடைக்கிற குச்சிக்கும் வானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது என்று முடித்தார். பெத்தம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப இதத் தொடைக்காம ஒரு மாசம் இருந்து பாருங்களேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அவளோடு அந்தப் பேச்சும் பஸ் ஏறியது. வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் இறங்கியது. ஒரு வாரத்துக்குள், திருச்சுழி வட்டாரத்தில் மழை பெய்யாததற்குக் காரணம் தெரியாத ஆளே இல்லை என்றாயிற்று. பஜாரில் அவரிடம் நேரில் எவரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வேன் கடந்து போனால் மட்டும் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டுப் போடுகிறவர்கள் வியாபாரிகள்தாம், விவசாயிகள் அல்லர். ஆயினும் துணியோ இரும்போ மளிகையோ, அந்தப் பஜாரில் எதை விற்றாலும் அதை வாங்கும் கை மழை பெய்தால்தான் பையைத் திறக்கும். ஆகவே தனுஷ்கோடி மூடநம்பிக்கையை முளையிலேயே கிள்ளத் தீர்மானித்தார். சங்க உறுப்பினர்கள் அனைவரையும் கட்டடத்து வாசலுக்கு அழைத்து, வேனை நிறுத்தி, அறிவியலின் பெயரால் ஒரு செம்புத் தண்ணீரை அவரே வீசினார்.

“ஸ்டீபா, போடு.”

ஸ்டீபன் போட்டான். வைப்பர் எழுந்தது. கண்ணாடியின் நட்டநடுவுக்கு வந்து, வகுப்பில் கேள்வி கேட்க எழுந்து கேள்வியை மறந்துவிட்ட மாணவனைப் போல நின்றது. ஸ்டீபன் சுவிட்சை அணைத்துப் போட்டான், திரும்பவும் போட்டான். உள்ளே எதுவோ முனகியது. பிறகு அதுவும் நின்றது. தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்து பம்பரில் சொட்டியது.

முதலில் பேசியவர் ஆனந்தகுமார். “நல்ல காரியம் செஞ்சீக அண்ணாச்சி. நாங்க சொல்லி நிறுத்துனா மரியாதையா இருக்காதுன்னு தயங்கிக்கிட்டு இருந்தோம். நீங்களாவே எல்லாரையும் கூப்பிட்டு, முன்னால வச்சு நிறுத்திட்டீக. இனி மழை வந்துரும்.”

“ஏதோ சின்ன ரிப்பேரு” என்றார் தனுஷ்கோடி.

“அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. அவசரமில்ல.”

மறுநாள் காற்று திசை மாறியது. கிழக்கே, திருச்சுழிக்கு மேல், அழுக்குப் பஞ்சைக் குவித்ததைப் போல மேகம் ஏறியது. வானொலி, வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றது. ஆனால் அதை யாரும் வானொலியின் வாயால் கேட்கவில்லை; வைப்பர் நின்ற செய்திக்கு வானொலியும் சாட்சி சொல்வதாகவே கேட்டார்கள். விடிந்ததும் கடை வாசலில் விதை வாங்கக் கூட்டம். எலிகள் விட்டுவைத்த மூட்டைகள் எல்லாம் வெளியே வந்தன. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்ட ஒவ்வொருவரும், போகும்போது வேனின் பின்பக்கம் ஒருமுறை போய், வைப்பர் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு போனார்.

தனுஷ்கோடி கல்லாவில் அமர்ந்து தம் நிலைமையை ஆராய்ந்தார். மழை பெய்ய வேண்டும். விதை வியாபாரி அதற்கு மாறாக நினைக்க முடியாது. ஆனால் வைப்பர் ஓடாத நிலையில் மழை பெய்துவிட்டால், பெய்யாத ஆண்டுகளின் பழியெல்லாம் ஒருசேர அவர் தலையில் இறங்கும். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தக் குடும்பத்துக்கு ‘மழையைத் தொடச்சவுக வீடு’ என்றே பெயர் நிற்கும். தலைவர் பதவியைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. எனவே, மழை பெய்ய வேண்டும். வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது பெய்ய வேண்டும். அதுவரை அது பொறுக்க வேண்டும். கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்தைப் பார்த்து, வாழ்க்கையிலேயே முதன்முறையாக, மழையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும்படி வேண்டிக்கொண்டார். வேண்டி முடித்ததும், விதை மூட்டையோடு எதிரே நின்றவருக்குச் சில்லறை கொடுத்தார்.

“ஸ்டீபா, வண்டிய எடு. பாளையம்பட்டி.”

பாளையம்பட்டியில் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஜான்ராஜ், ஒரு தகரக் கொட்டகைக்கு அடியில் தொழில் செய்துகொண்டிருந்தார். எந்த வண்டியையும் தொடுவதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடும் தன்னம்பிக்கை அவருடையது. வண்டி பிறகு வேறு நோயால் படுத்தால், அது வண்டியின் குற்றம்.

“பீஸு போயிருக்கும் அண்ணாச்சி. மாட்டுனா ஓடிரும். இதுக்குப் போயா மொகத்த இப்படி வச்சிருக்கீக?”

உண்மையாகவே பீஸ் என்கிற ஃபியூஸ் போயிருந்தது. ஜான்ராஜ் தம்மிடமிருந்த ஒன்றை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் வைப்பர் ‘ம்’ என்றது. புது பீஸும் போயிற்று.

“அப்ப சுவிட்சுதான்” என்றார் ஜான்ராஜ், முதலில் சொன்னதும் அதுதான் என்பதைப் போல. சுவிட்சைக் கழற்றினார், நன்றாக இருந்தது. பின்கதவுக்குப் போகும் ஒயர் கீலுக்குள் அறுந்திருக்கும் என்றார், ரப்பர் உறையை உரித்துப் பார்த்தார், அறுந்திருக்கவில்லை. உரித்த உறையை மறுபடி மாட்ட வரவில்லை. டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்ததில், மோட்டார் வரைக்கும் கரண்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

“கரண்ட் வருது. மோட்டாரு முனகுது. ஆனா சுத்தமாட்டேங்கு. அதுக்கு மனசு இல்ல அண்ணாச்சி.”

“மனசா?”

“பெறகு என்னத்தச் சொல்ல? இன்னொரு பீஸு வாங்கியாரச் சொல்லுங்க. பாப்போம்.”

ஸ்டீபன் சைக்கிளை வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினான்.

“இல்லேங்காக அண்ணாச்சி.”

“பஸ்ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புலயுமா?”

“அங்கயுந்தான். டப்பா கண்ணு முன்னாடி இருக்கு. டப்பா மேல கைய வச்சுக்கிட்டே ஸ்டாக் இல்லேங்காரு. அவருக்குத் திருச்சுழில ஒரு குறுக்கம் நெலம் இருக்காம்.”

“அடுத்த கடை?”

“மழை பேஞ்ச மறுநாள் வா, சும்மாவே தாரேன்னாரு.”

கிழக்கே இடி உருண்டது. தறிப்பட்டறைகளிலிருந்து ஆட்கள் டீ குடிக்க வெளியே வந்து, டீயை மறந்து கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் மரியாதையாகவே சொன்னார்: “அது பாட்டுக்குக் கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒரு மழை எறங்கட்டும். பெறகு நாங்களே தள்ளிக்கிட்டு மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணித் தாரோம்.”

“கண்ணாடி தொடைக்கிற குச்சிக்கும் வானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று கேட்டார் தனுஷ்கோடி.

“சம்பந்தம் இல்லேன்னா எதுக்கு அண்ணாச்சி மழை வாரதுக்குள்ளன்னு இப்படிப் பறக்கீக?”

தனுஷ்கோடி ஜான்ராஜ் பக்கம் திரும்பி, பீஸ் இல்லாமல் வேலை நடக்காதா என்று கேட்டார். ஜான்ராஜ், அது தம் திறமைக்கு விடப்பட்ட சவால் என்று எடுத்துக்கொண்டார். ஒயரை உரித்துச் செம்புக் கம்பிகளைத் தடிமனாக முறுக்கி, பீஸ் இருந்த இடத்தில் சொருகினார். “இது போகாது. லாரிக்கே போட்டிருக்கேன்.”

அது போகவில்லை. மோட்டார் முனகியது, முனகிக்கொண்டே சூடேறியது. பின்கதவிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஸ்டீபன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். ஜான்ராஜ் புகையை மோந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார்.

“அண்ணாச்சி, மோட்டாரு கருகுனா நாறும். இது மணக்குது.”

தனுஷ்கோடியும் மோந்தார். ஐயமே இல்லை. வெள்ளிக்கிழமைக் காலையில் பூஜையறையிலிருந்து வரும் மணம்.

வைப்பரின் கையைக் கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. கை பொருத்தியிருந்த சுழல்தண்டைச் சுற்றிலும், செம்மண் ஓடு போல ஏதோ இறுகிக் கிடந்தது. சந்தனம். வேன் வந்த நாள் முதல் வெள்ளிதோறும் வைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் சாலைப் புழுதி, அதைக் குழைத்துக் குழைத்து உள்ளே இறக்கச் செம்பு செம்பாய்த் தண்ணீர். தண்டு கல்லறையில் வைத்ததைப் போலப் பூசப்பட்டிருந்தது.

“யாருலே இதுல சந்தனத்த அப்புனது?” என்றார் தனுஷ்கோடி.

“நான்தான் அண்ணாச்சி” என்றான் ஸ்டீபன். “முன்னாடி வைப்பருக்கு ஒரு பொட்டு, பின்னாடிக்கு மூணுன்னு நீங்கதானே சொன்னீக. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், எனக்கு வேணாமேன்னேன். வண்டிக்கு ஏதுலே வேதம்னு ஏசுனீக.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

“ஜான்ராஜ், சுரண்டு.”

ஜான்ராஜ் ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டினார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் பதமாகத் தட்டினார். தட்டத் தட்ட வானமும் பதிலுக்குத் தட்டியது. பகல், மாலையைப் போல இருட்டிக்கொண்டு வந்தது. தனுஷ்கோடி ஒரு கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளங்கை மேலாக நீட்டி, தூறல் விழுகிறதா என்று பார்த்தபடி இருந்தார். விழுந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடுபவரைப் போல இருந்தது அந்தக் கை.

முதல் துளிக்கு முன்பாகத் தண்டு சுழன்றது. கையை மாட்டிச் சுவிட்சைப் போட்டார்கள். வைப்பர் அரைவட்டம் போட்டுப் படுத்தது. எழுந்து மறுபடி போட்டது. கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. “பாத்தீகளா?” என்று தனுஷ்கோடி கேட்டதற்கு, பார்த்ததாகவும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

“நிறுத்தாத ஸ்டீபா. ஓடிக்கிட்டே இருக்கட்டும். பஜாருக்கு விடு.”

ஜப்பான் வேன் பின்கண்ணாடியை உலர உலரத் துடைத்துக்கொண்டு பஜாருக்குள் நுழைந்தது. சங்கக் கட்டடத்தின் முன்னால், பின்பக்கம் கிழக்கைப் பார்க்குமாறு நின்றது. ரப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது. கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஆனந்தகுமார், கையில் முழக்கோலோடு, தம் கடைப் படியில் நின்றார். தனுஷ்கோடி வேனிலிருந்து இறங்கி, மேகத்துக்கும் வைப்பருக்கும் இடையில், இருவருக்கும் அறிமுகம் செய்து வைப்பவரைப் போல நின்றார். வைப்பர் ஓடுகிறது, மழை வரப்போகிறது, ஊரே பார்க்கிறது. அறிவியலுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது.

அவர் வழுக்கைமேல் ஒரு துளி விழுந்தது. அதைத் துடைக்காமல் தலையைச் சாய்த்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டினார். “பாருங்கய்யா. ஓடும்போதே விழுது.”

இரண்டாம் துளி விழவில்லை.

காற்று சுழன்றது. மேகம் திருச்சுழியை விட்டு நகர்ந்து, அருப்புக்கோட்டைக்குள் வராமல், ஊரின் ஓரமாகவே ஒதுங்கி வடக்கே போயிற்று. அது போவதை, பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் போல எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழக்கே வெயில் அடித்தது. வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

“நிறுத்துலே” என்றார் தனுஷ்கோடி.

சற்று நேரத்தில், வடக்கே மல்லாங்கிணற்றிலிருந்து வரும் பஸ் நிலையத்துக்குள் வந்தது. கூரையிலிருந்து தண்ணீர் ஊற்றியது. சன்னலோரப் பயணிகள் தலை நனைந்து, முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த பஸ் நிலையத்தில் அந்த ஈரப் பஸ்ஸை ஆட்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “மல்லாங்கிணத்துல ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சு. கண்மாய்க்குத் தண்ணி வந்துக்கிட்டிருக்கு” என்றார் கண்டக்டர், தாமே பெய்வித்ததைப் போல.

ஆனந்தகுமார் தனுஷ்கோடியிடம் வந்தார். “அண்ணாச்சி, சத்தியமாச் சொல்றேன். நேத்துவரை நான் அத வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். இன்னைக்கு என் கண்ணால பாத்துட்டேன். வந்த மழைய அப்படியே ஒதுக்கி விட்டுருச்சே.”

தனுஷ்கோடி அன்று கடையைச் சீக்கிரமாகவே அடைத்தார். வேட்புமனுவைத் திரும்பப் பெறுவதைப் பற்றி, அதுவும் உடல்நிலை என்ற சொல்லைப் பயன்படுத்தியே பெறுவதைப் பற்றி, நீண்ட நேரம் யோசித்தார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. காற்றழுத்தம் பற்றிச் சுருக்கமாகவும் கண்ணியமாகவும் சொல்லவேண்டியதை அவர் வழியிலேயே கோத்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை. கூட்டத்தின் முன்னால், மல்லாங்கிணற்றுக்காரர் தவசி ஒரு வாழைத்தாரும் கட்டுமாலையுமாக நின்றார். அவருடைய வேட்டியின் கீழ்ப்பகுதி முழுவதும் ஈரக் கரிசல். அதைக் கழுவாமல், பிறர் பார்க்கட்டும் என்றே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“முதலாளி, நீங்க செஞ்ச உபகாரத்த எங்கூரு மறக்காது.”

“நான் என்னய்யா செஞ்சேன்?”

“அதத்தான் ஊரே சொல்லுதே. மேகம் திருச்சுழி மேல நின்னுச்சு. ஒங்க வேனு அதுக்கு நேரே முதுகக் காட்டி நின்னு ஒரு தொட தொடச்சுது. அது நேரா எங்ககிட்ட வந்து விழுந்துச்சு.” தவசி வேனின் பின்பக்கம் போய், மாலையை வைப்பரின் மேல் பக்குவமாகச் சாத்தினார்.

தனுஷ்கோடியின் நாக்கு நுனிவரை அந்த வாக்கியம் வந்துவிட்டது: கண்ணாடி துடைக்கிற குச்சிக்கும் வானத்துக்கும். அதற்குள் திருச்சுழி பஸ்ஸிலிருந்து பெத்தம்மாள் ஓர் ஊரையே திரட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அவர் தம்மையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

பெத்தம்மாள் ஏசவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். “மொதலாளி, தெரியாமப் பேசிட்டேன். அது மழைய வெரட்டுற சாமானம்னு நெனச்சேன். தள்ளுற சாமானம்னு இப்பத்தான் தெரியுது. தள்ளுறதுன்னா எங்க பக்கமும் தள்ளலாம்ல? மல்லாங்கிணத்துப் பக்கம் முதுகக் காட்டி நிறுத்தி ஒரு தொட தொடைங்க. அவுகளுக்குத்தான் பேஞ்சிருச்சே.”

“ஏத்தா, இந்தக் கதையெல்லாம் வேணாம்” என்றார் தவசி. “ஒரு மழை எங்களுக்கு எந்த மூலைக்குக் காணும்? கண்மாய் பாதிகூடப் பெருகல.”

“எங்க கண்மாய்ல பாதத்த நனைக்கத் தண்ணி இல்ல. இவுகளுக்குப் பெருகணுமாம்ல.”

“முதலாளி எங்க பக்கம் தள்ளுனது அவுக இஷ்டம். நீ யாரு திருப்பச் சொல்ல?”

“நான் விதை வாங்குறவ. நீரு இந்தக் கடைல ஒரு மூட்டை வாங்கியிருப்பீரா?”

“இப்ப வாங்குறேன். இருவது பேரு வந்திருக்கோம், எல்லாரும் வாங்குறோம்.”

தனுஷ்கோடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்கு எதிரே பஜாரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இரும்புக்கடைக்காரர், மளிகைக்காரர், ஸ்டாக் இல்லையென்ற உதிரிபாகக் கடைக்காரர் உட்பட அனைவரும் இருந்தார்கள். உதிரிபாகக்காரர் ஒரு டப்பா பீஸை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆனந்தகுமார் வந்தார்.

“அண்ணாச்சி, சங்கத்துல பேசிட்டோம். போட்டி எதுக்கு? நான் வாபஸ் வாங்கிக்கிடுறேன். நீங்களே தலைவரா இருங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “திருச்சுழிப் பக்கம் நம்ம நெலமும் சும்மாத்தான் கெடக்கு. இவுக சொல்ற மாதிரி ஒருதடவ திருப்பி நிறுத்திப் பாத்தா என்ன?”

தனுஷ்கோடி வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மாலை சூடிய வைப்பரை, அதை அதற்கு முன் பார்த்தறியாதவரைப் போல, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். நாக்கு நுனியில் நின்றிருந்த வாக்கியத்தை மெல்ல விழுங்கினார்.

“வானத்து விசயம்” என்று தொடங்கினார். “ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நடக்காது. காத்தழுத்தம் பாக்கணும், தெச பாக்கணும். ஒரு ஊருக்குத் தள்ளுனா இன்னொரு ஊரு வாடும். அந்தப் பொறுப்பு யாருக்கு? இனிமே எதுன்னாலும் சங்கத்து மூலமா வாங்க. முறைப்படி கேட்டா, முறைப்படி செய்யலாம்.”

“அதான் சரி” என்றார்கள் பஜார்க்காரர்கள்.

“இன்னைக்கு மட்டும் திருச்சுழிக்கு” என்றாள் பெத்தம்மாள்.

“இன்னைக்கு மட்டும்” என்றார் தனுஷ்கோடி. “தவசி, நீங்க வருத்தப்படாதீக. வாரக் கடைசில ஒங்களப் பாப்போம்.”

உச்சி வெயிலில் வேன் மல்லாங்கிணற்றுச் சாலையோரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. வழிநெடுக ஆட்கள் பின்தொடர்ந்தார்கள். வானத்தில் எந்தத் திசையிலும் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை. ஸ்டீபன் முன்னிருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டினான்.

“அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் திருப்பணுமா?”

தனுஷ்கோடி வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு வெறும் வானத்தை, தம் கடைப் பரணைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

“வலதுபக்கம் ஒரு சாண்” என்றார். “போதும். இப்பப் போடு.”